ஊர்நாயும் வீட்டுப்பூனையும்: ஒட்டுண்ணி வரலாறு பற்றி ஒரு கீழ்க்கரை நோக்கு

நமது வரலாற்றாசிரியர்கள் மன்னர்களைப் பற்றி எழுதினர். பின்வந்தோர் குடிமக்களைப் பற்றியும் எழுதலாயினர். குடிமக்களின் முற்றத்திற் படுத்திருந்த நாயையும் அடுப்படியிற் சுருண்டிருந்த பூனையையும் பற்றி எழுதுவார் அரியர். தமிழ்நாட்டில் எடுத்தனூர் என்னும் ஊரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைக் கூட்டத்தைக் காக்கும் போரில் இறந்த வீரனுக்காக எழுப்பப்பட்ட அக்கல்லில், கள்வரைக் கடித்து நின்ற அவனுடைய நாயின் உருவமும் ‘கோவிவன்’ என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் பெற்று வரலாற்றில் நின்ற தமிழ் நாய் அது ஒன்றே எனினும் பெரிதும் தவறாகாது. அந்நாயின் குடலிலும் புழு இருந்திருக்கும். செவியில் உண்ணி இருந்திருக்கும். ஆயின் அவற்றைக் கல்லிற் பொறிப்பார் யாருமில்லை.

வளர்ப்புப் பிராணிகளை ஒட்டுண்ணிகளினின்றும் காக்கும் முயற்சிக்கு வரலாறு உண்டா என்று வினவுவோர்க்கு, உண்டு என்பதே விடை. அவ்வரலாறு இலங்கையை ஓரிடத்திலன்றிப் பல இடங்களில் தொட்டுச் செல்வது வியப்புக்குரியது. அதனைக் கல்முனைக் கரையிலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் இக்கரை, 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்துடன் இணைந்திருந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கிய குடியிருப்புகள். இங்குள்ள முஸ்லிம் ஊர்களிற் பூனைக்கும் நாய்க்கும் உரிய இடங்கள் வெவ்வேறானவை. பூனை வீட்டினுள் உரிமையோடு உலவுகிறது. பூனை அசுத்தமானதன்று, அது மக்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்னும் கருத்தமைந்த நபிமொழி ஒன்று உண்டு. பூனை வாய்வைத்து மிஞ்சிய நீரும் தூய்மையானதாகவே கொள்ளப்படுகிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியாற் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையைச் சிறுவர் மதரசாவிலேயே கேட்டு வளர்கின்றனர். நாயின் நிலை வேறு. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட பாத்திரம் ஏழுமுறை கழுவப்படல் வேண்டும்; அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவுதல் வேண்டும். எனினும் வேட்டைக்கும் மந்தைக்கும் வயற்காவலுக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவன் மன்னிப்புப் பெற்ற கதையும் அதே மரபினதே.

ஏழுமுறை கழுவும் விதியில் நவீன நுண்ணுயிரியலைக் கண்டெடுக்க முற்படுவோர் உளர். அம்முயற்சி விதிக்கும் நன்மை செய்யாது, விஞ்ஞானத்துக்கும் நன்மை செய்யாது என்பது என் எண்ணம். அவ்விதி வணக்கத்திற்குரிய தூய்மை பற்றியது. வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது அதன் சமூக விளைவையே: வயலில் வாடிக்குக் காவலிருக்கும் நாய்க்கு எசமானன் உண்டு, ஊருக்குள் சந்தைப்புறத்திலும் மீன்வாடியிலும் திரியும் நாய்க்கு எசமானன் இல்லை. மிச்சத்தை வீசுவோர் பலர், பொறுப்பேற்பவர் எவருமிலர். ஒட்டுண்ணியின் கண்கொண்டு நோக்கினால் இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறில்லை.

இவ்வுடைமையின்மை சட்டத்திலும் எதிரொலிக்கிறது. குடியேற்ற ஆட்சியில் நாய் குறித்து எழுந்த சட்டங்களுள் முதன்மையானவை இரண்டு: 1893இன் விசர்நாய்க்கடிச் சட்டம், 1901இன் நாய்கள் பதிவுச் சட்டம். விசர்நோயின் அச்சமே இவற்றின் உயிர்நிலை. அது நியாயமான அச்சம். அந்நோய் தோன்றியபின் பிழைத்தோர் இலர் எனுமளவுக்குக் கொடியது. ஆயினும் இச்சட்டங்களின் உலகில் நாய் இரு வகையினது மட்டுமே: பதிவுசெய்யப்பட்ட சொத்து, அன்றேல் அழிக்கப்பட வேண்டிய ஆபத்து. நோயுறும் உயிர் என்ற மூன்றாவது வகைக்கு அங்கு இடமில்லை. தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 2006இல் அரசின் கொள்கையாக நிறுத்தப்பட்டது. புழுவையும் உண்ணியையும் பற்றி அச்சட்டங்கள் பேசவில்லை. மெல்லக் கொல்வது சட்டத்தின் கண்ணிற் படுவதில்லை.

இனி விஞ்ஞானத்தின் பக்கம் திரும்புவோம். நாயிலும் பூனையிலும் வாழும் கொழுக்கிப்புழுக்களுள் ஒன்றன் இலத்தீன் பெயரிலேயே நமது நாடு இருக்கிறது: ‘அன்கைலொஸ்ரோமா சிலானிக்கம்’. கெய்ரோவிற் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மானிய அறிஞர், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெறப்பட்ட புழுவை ஆராய்ந்து 1911இல் இட்ட பெயர் அது. லூஸ் கொழுக்கிப்புழு ஆராய்ச்சியில் ஏற்கெனவே புகழ்பெற்றவர். புழுவின் குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கையிற் சிந்த, அவ்விடம் அரித்துச் சிவந்ததைக் கண்டு, புழு வாய்வழியே மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உடலினுட் புகும் என்பதை 1898இல் அறிவித்தவர் அவரே. அவர் பெயரிட்ட இலங்கைப் புழு மனிதரிலும் வாழும் என்பதை, இரண்டே ஆண்டுகளின்பின், வங்காளச் சிறைக் கைதிகளை ஆராய்ந்த கிளேற்றன் லேன் எடுத்துக்காட்டினார். ஆயினும் அது பிறிதோர் இனத்தின் மறுபெயரே எனப் பலர் கருதினமையால் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1951இல் இத்தாலியரான பியோக்கா அதனைத் தனியினமென மீள நிறுவினார். விலங்கின் கொழுக்கிப்புழுக்கள் பெரும்பாலும் மனிதரின் தோலோடு நின்றுவிடுவன; குடலுக்குச் சென்று முதிர்வதில்லை. இலங்கைப் பெயர் தாங்கிய இப்புழுவோ மனிதக் குடலிலும் முதிர்ந்து குருதி குடிப்பது. தென்கிழக்காசியாவில் மனிதரைத் தாக்கும் கொழுக்கிப்புழுக்களுள் இதுவே இரண்டாமிடத்தது என்பதை அண்மைக்கால மூலக்கூற்று ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் புழுமருந்து கொடுப்பதை விலங்கபிமானம் என்று மட்டும் கொள்வார் இவ்வொரு புழுவின் வரலாற்றை அறிதல் தகும்.

நாய்க்கும் மனிதனுக்குமான மருந்துகளின் வரலாறு இதனினும் நெருக்கமாகப் பின்னியது. அதில் இலங்கைக்கு உரிய ஓர் ஏடு இருண்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இங்கு தொடங்கியது. தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த தமிழ்த் தொழிலாளரே அதன் முதல் இலக்கு. மலசலகூடமில்லாத லயன்களில் அவர்களைக் குடியமர்த்தியவர்கள், அவர்களது சோகைக்கு மருந்து தேட முன்வந்தமைக்குக் கருணையைவிட உழைப்பின் கணக்கே பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. தைமோலும் கினோபோடியம் எண்ணெயும் அக்காலத்து மருந்துகள். உண்டோரை வருத்துவன, சில வேளை கொல்வன. இந்நிலையில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து மிருக வைத்தியரான மொறிஸ் ஹோல் என்பார், நாய்களின் கொழுக்கிப்புழுவைக் காபன் நாற்குளோரைட்டு திறம்பட வெளியேற்றுவதை 1921இற் கண்டறிந்தார். அதனைத் தாமே உட்கொண்டும் பார்த்தார்.

நாயிலிருந்து மனிதனுக்கு அம்மருந்து தாவிய வழியில் இலங்கை ஒரு படியாயிற்று. இங்கு மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்குக் காபன் நாற்குளோரைட்டுக் கொடுக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டபின் அவர்தம் உடல் அறுக்கப்பட்டு, ஈரலுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராயப்பட்டது. நிக்கல்ஸ், டொக்கேர்ட்டி முதலிய வைத்தியர்களின் அறிக்கைகள் 1922இலும் 1923இலும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. ஹோல் தம் உடலை விரும்பித் தந்தார். வாஷிங்டன் நாய்களிடம் எவரும் கேட்கவில்லை. வெலிக்கடை போன்ற சிறைகள் நிரம்பியிருந்த ஒரு குடியேற்ற நாட்டின் கைதி, இவ்விரு நிலைகளுள் எதற்கு அணுக்கமாயிருந்தான் என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம். அதே ஆண்டுகளில் ஃபிஜித் தீவுகளில் லாம்பேர்ட் என்ற வைத்தியர் பல்லாயிரவருக்கு இம்மருந்தை வழங்கினார். ஈரலைக் கெடுக்கும் அதன் நஞ்சுத்தன்மை வரவரத் தெளிவாயிற்று. குறிப்பாகக் குடிப்பழக்கமுடையோர் சிலர் மாண்டனர். 1925இல் ஹோலும் ஷில்லிங்கரும் நாற்குளோரோ எதிலீனை முன்வைத்தனர். அதுவும் முதலில் நாய்க்கே கொடுக்கப்பட்டது. பூச்சிமருந்தின் வரலாற்றில் நாய் எப்போதும் நமக்கு முன்னே சென்ற உயிர்.

இருண்ட ஏட்டைப் புரட்டினால் அடுத்துக் காண்பது நமது வெற்றிலைப் பெட்டி. கல்முனைக் கரையிற் கல்யாண வீடாயினும் மரண வீடாயினும் வெற்றிலைத் தட்டமின்றி நடவாத காலம் ஒன்று இருந்தது. முதியோரிடை அது இன்றும் நிலவுகிறது. அத்தட்டத்திலுள்ள பாக்கு, ஒல்லாந்தர் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முயன்ற இலங்கை வணிகப் பொருள். அதற்குப் புழுவை வெளியேற்றும் குணமுண்டென்பதை நாட்டு வைத்தியமும் சீன வைத்தியமும் அறிந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானிய மிருக வைத்தியரும் பாக்குத் தூளை நாயின் நாடாப்புழுவுக்குக் கொடுத்துவந்தனர். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற காரப்போலியை 1888இல் யான்ஸ் என்பார் பிரித்தெடுத்தார். அது புழுவை நேரே கொல்வதைவிட, அதனை மயக்கி, நாயின் குடலை வன்மையாகச் சுருங்கச்செய்து, சற்று நேரத்துள் வயிற்றைக் கழுவிவிடும். நாய் வாயூறி, நடுங்கி, சிலவேளை வாந்தியும் எடுக்கும். இன்பமான மருந்தன்று.

எனினும் ஒரு நாடே அதை நம்பியது. செம்மறியாடுகள் மலிந்த நியூசிலாந்தில், நாயின் நாடாப்புழுவினால் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் உண்டாகும் நீர்க்கட்டி நோய் பெருந்துன்பமாயிருந்தது. 1959இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்தோறும் நாய்கள் குறித்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, வரிசையாகக் கட்டப்பட்டு, அரிகோலின் கொடுக்கப்பட்டு, அவை கழித்தது அங்கேயே பரிசோதிக்கப்பட்டது. புழு கண்டால் உரியவர் பதில் சொல்லவேண்டும். 1970களிற் பிரசிகுவான்டெல் என்ற மருந்து வந்தபின் அரிகோலின் ஓய்வுபெற்றது. 2002இல் அந்நாடு தன்னை அந்நோயினின்றும் தற்காலிகமாக விடுபட்டதென அறிவித்தது. நம் பாட்டிமார் பாக்குவெட்டியால் நறுக்கிய பொருளின் சாரத்துக்கு இதில் ஒரு பங்குண்டு என்பது நம்மவர் அறியாத செய்தி. ஆயின் மருந்தைவிட, நாய்தோறும் பதில் சொல்ல ஒருவர் இருந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம் என்பதையும் மறத்தலாகாது. அவ்வொருவரே நமது கரையில் இல்லாதவர்.

புறவொட்டுண்ணிகளின் வரலாற்றுக்குச் சென்னைக்குச் செல்லவேண்டும். அங்குள்ள வெள்ளையர் நரி வேட்டையாடும் சங்கம் ஒன்றை நடத்தி, வேட்டை நாய்களைப் பேணினர். அந்நாய்களின் குருதியிற் புதியதொரு நுண்ணுயிரைக் கண்ட பற்றன் என்பார், அதே உயிர் நரியின் குருதியிலும் இருப்பதைக் கண்டு 1910இல் வெளியிட்டார். இன்று ‘பபீசியா கிப்சோனி’ எனப்படுவது அதுவே. நாயின் செங்குருதிக் கலங்களை அழித்துச் சோகையுறச் செய்வது. அதனை உண்ணியே காவுகிறது என்பதை 1937இல் சுவாமிநாத், ஷோர்ட் ஆகிய இருவரும் நிறுவினர். வேட்டையாடச் சென்றவர்களின் நாய்களை, வேட்டையாடப்பட்ட நரியின் ஒட்டுண்ணி திருப்பி வேட்டையாடியது என்று கூறலாம். சென்னையிற் பெயர்பெற்ற இந்நோய் இன்று ஜப்பான், அமெரிக்கா, அவுஸ்திரேலியா வரை பரந்துள்ளது. நாயின் உடலில் உண்ணியைக் கண்டு அருவருப்போர் பலர். அது நாயின் குருதியுள் எதனைச் செலுத்துகிறது என எண்ணுவோர் சிலரே.

நம் நாட்டு அறிஞரும் இத்துறையிற் பின்னிற்கவில்லை. 1961இல் திசாநாயக்கவும் பரமானந்தனும் இலங்கை முயலின் இதயத்திலும் குருதிக்குழாய்களிலும் புதிய பைலேரியாப் புழுவொன்றைக் கண்டு விவரித்தனர். அடுத்த ஆண்டிலேயே ஜயவர்தன இலங்கை நாய்களிற் பிறிதொன்றைக் கண்டு ‘புரூஜியா சிலொனென்சிஸ்’ எனப் பெயரிட்டார். கொழும்பிற் பேராசிரியராயிருந்த திசாநாயக்க, விலங்குப் பைலேரியாக்கள் மனிதரை வந்தடைவது குறித்துத் தொடர்ந்து எழுதியவர். நாயின் தோலடியில் வாழும் ‘டைரோபிலேரியா ரீப்பென்ஸ்’ என்ற புழு, நுளம்பின் வழியாக மனிதரை அடைந்து, தோலடியிற் கட்டியாகவும் சிலவேளை கண்ணில் நெளியும் நூலாகவும் வெளிப்படும். இத்தகைய மனித நோயாளர் மிகுதியாக அறிவிக்கப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

இதனோடு யானைக்கால் நோயின் கதையையும் சேர்த்து நோக்கவேண்டும். 1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம், ஆகாயத்தாமரை மண்டிய குளங்களில் வளரும் நுளம்புகளாற் பரவிய நாட்டுப்புற வகையை 1960களின் இறுதியளவில் மறையச் செய்தது. நகர்ப்புற வகைக்கெதிராக மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் மருந்து வழங்கப்பட்டது. 2016இல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்றும் நீக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. ஆயின் மறைந்ததென எண்ணிய நாட்டுப்புற வகை 2006 முதல் மீண்டும் அங்குமிங்கும் தலைகாட்டியது. அது இக்காலமெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விக்கு ஆய்வாளர் நாயையும் பூனையையும் சுட்டுகின்றனர். இரண்டன் குருதியிலும் அப்புழுவின் நுண்குடம்பிகள் காணப்பட்டுள்ளன. மனிதருக்கு மட்டும் மருந்திட்டு முடித்த கணக்கில் மீதி விழுந்த இடம் அதுவேயாகலாம்.

இதுகாறும் நாயைப் பற்றியே மிகுதியாகக் கூறினோம். நம் ஊர்களில் மடியேறி இருப்பதோ பூனை. 1908இற் துனிசில் நிக்கோலும் மான்சோவும் ஒரு கொறிவிலங்கிற் கண்ட ‘டொக்சோபிளாஸ்மா’ என்ற நுண்ணுயிர், அறுபது ஆண்டுகள் கழித்தே பூனையின் குடலில் தன் வாழ்க்கை வட்டத்தை முடிக்கிறது என அறியப்பட்டது. கருவுற்ற தாயிடமிருந்து அது சிசுவை அடையக்கூடும். இதைக் கேட்டு வீட்டுப்பூனையைத் துரத்துவோர் அவசரக்காரர். பூனையின் கழிவில் வெளியேறும் முட்டை ஒரு நாளேனும் கடந்த பின்பே தொற்றவல்லது. ஆதலின் அன்றாடம் அகற்றுவதும், அவ்வேலையைக் கருவுற்றவர் தவிர்ப்பதும், இறைச்சியை நன்கு வேகவைப்பதும் போதிய காப்பாகும். வட்டப்புழுவின் நிலை வேறு. நாய்க்குட்டி அதனைத் தாயின் கருப்பையிலேயே பெற்றுவிடுகிறது. பூனைக்குட்டி தாய்ப்பாலிற் பெறுகிறது. மண்ணிற் கிடக்கும் அதன் முட்டை சில வாரங்களில் முதிர்ந்து, நெடுங்காலம் அழியாதிருக்கும். மண் தின்னும் குழந்தையின் ஈரலையும் கண்ணையும் அக்குடம்பி அடையும் என்பது 1950களின் தொடக்கத்தில் வைல்டர், பீவர் ஆகியோர் ஆய்வுகளால் வெளிப்பட்டது.

ஆகவே குட்டி பிறந்து இரண்டு மூன்று வாரங்களிலேயே புழுமருந்து தொடங்கவேண்டும், தாய்க்கும் உடன் கொடுக்கவேண்டும் என்பது இன்றைய மிருக வைத்திய விதி. குட்டி வளர்ந்து கொழுத்தபின் பார்ப்போம் என்பது நம்மிடையுள்ள வழக்கம். அதற்குள் முற்றம் முட்டையால் நிறைந்துவிடும். தெள்ளு நாடாப்புழுவின் ஒரு வகையைக் காவுவதால், தெள்ளை ஒழியாது அப்புழுவை ஒழித்தல் இயலாது. தெள்ளின் இளநிலைகளோ விலங்கின் மேலன்றித் தரையிலும் பாயிலும் கிடப்பன. 1970களில் ஜப்பானிய மண்ணிலிருந்து ஓமுராவும், அமெரிக்காவிற் காம்பெல்லும் கண்டெடுத்த ஐவர்மெக்ரின், முதலில் கால்நடைக்கும், 1987இல் நாயின் இதயப்புழுவுக்கும், அதே ஆண்டில் மனிதரின் ஆற்றுக்குருட்டு நோய்க்கும் பயன்பட்டு, 2015இல் அவர்களுக்கு நோபல் பரிசைத் தேடித்தந்தது. ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூறவேண்டியுளது: நாயின் உண்ணிக்கும் தெள்ளுக்கும் விற்கப்படும் பெர்மெத்திரின் கலந்த மருந்தைப் பூனைமேல் இடலாகாது. அந்நஞ்சைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்க்கு மருந்தாவது பூனையை வலிப்பெடுக்கச் செய்து கொன்றுவிடும். பூனையை உள்ளே வைத்து நாயை வெளியே நிறுத்திய நம் வீடுகளில், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை மருந்திற் போய் நிகழ்வது விந்தையே.

வடகீழ்ப் பருவமழை கார்த்திகையிலிருந்து தை வரை இக்கரையை நனைக்கிறது. கொழுக்கிப்புழுவின் முட்டை ஈரமும் நிழலும் வெப்பமும் கூடிய மணலில் ஒரு வாரத்துள் துளைக்கவல்ல குடம்பியாகிவிடும். சுடுமணலில், நேர்வெயிலில், அது காய்ந்து மடியும். ஆதலின் திறந்த கடற்கரையைவிட, அதன் மேற்புறத்தே, தோணிகள் இழுத்து வைக்கப்படும் தென்னை நிழலே ஆபத்து மிக்கது. மழைவிட்ட நாட்களில் மீன் குடல் வீசப்படுவதும், ஊர்நாய்கள் கூடுவதும், பூனைகள் காத்திருப்பதும், பாடசாலை விட்ட சிறுவர் வெறுங்காலோடு விளையாடுவதும் அந்நிழலிலேதான்.